உப்பு விடும் மாதம்

"எனக்கு முக்தி எல்லாம் வேண்டாம், அம்மை. காலையில பாயை விட்டு எழுந்திருக்க ஒரு வழி சொல்லுங்க. போதும்."

தாண்டவராயன் இதைச் சொன்னபோது அம்மை ஒரு பூசணிக்காயோடு போராடிக்கொண்டிருந்தாள். அரிவாள் காயின் நடுவில் மாட்டிக்கொண்டது.

"பிடியும்."

அவர் பிடித்தார். அவள் அழுத்தினாள். காய் பிளந்தது.

"எழுந்துதானே வந்திருக்கீரு?"

"உலகம்மாள் வந்து பாயை உருவினா."

"அப்ப அது ஒரு வழி."

"தினமும் உருவுவாளா?"

"அதுக்கு வேற ஆளைப் பாரும்," என்றாள் சமையல் செய்யும் உலகம்மாள், அடுப்படியிலிருந்து. "நீரு பாயோட சேர்ந்து வாரீரு. என் இடுப்பு பிடிச்சிட்டுது."

அம்மை சிரித்தாள். தாண்டவராயன் சிரிக்கவில்லை. அவர் சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன.

*

மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டி இருந்தது அந்த மடம். ஒரு கூடம். கூடத்தின் நடுவில், மடத்தைத் தொடங்கியவரின் சமாதி. பின்னால் மடப்பள்ளி. அதற்கும் பின்னால் மாட்டுக்கொட்டில். சமாதியில் இருந்தவரை மூத்தவர் என்று சொன்னார்கள்.

மூத்தவரின் இடத்தில் இப்போது அம்மை இருந்தாள். தாண்டவராயனைவிட வயதில் இளையவள். அவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து, வேலையை விட்டு, இங்கே வந்து சேர்ந்தவர்.

போன ஆண்டு அவருக்கு ஓர் ஏற்றம் வந்தது.

தூக்கம் நின்றது. பசி நின்றது. பேச்சு நிற்கவில்லை. சமாதி மேடையில் ஏறி உட்கார்ந்து, நானே மூத்தவர் என்றார். பாட்டாகக் கொட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, எதிரில் நின்ற யாருக்கோ கொடுத்தார். கரித்துண்டை எடுத்துக் கூடத்துச் சுவர் முழுவதும் கண்கள் வரைந்தார். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து மாலை போட்டார்கள்.

அம்மை அப்போது வடக்கே யாத்திரையில் இருந்தாள்.

அவள் திரும்பியபோது தாண்டவராயன் பேச்சை நிறுத்தியிருந்தார். தன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கதவுக்கு வெளியே விளக்கு எரிந்தது. நிஷ்டையில் இருக்கிறார், கலைக்கக் கூடாது என்றார்கள்.

அம்மை விளக்கைத் தாண்டி உள்ளே போனாள். குனிந்து பார்த்தாள். வெளியே வந்தாள்.

"நிஷ்டை இப்படி நாறாது. வெந்நீர் போடுங்க."

குளிப்பாட்டி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா அதற்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னார். ஒரு முனையில் ஏற்றும், மறுமுனையில் இறக்கும், இரண்டும் ஒரே நோய்தான் என்றார். லித்தியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அதன்பிறகு ஏற்றம் வரவில்லை. இறக்கமும் போகவில்லை.

கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். மடத்துக் காரியங்களைப் பார்த்துக்கொண்ட சங்கரநயினார் ஒரே ஒரு கண்ணின்மேல் மட்டும் வெள்ளை அடிக்க விடவில்லை. தினமும் அதற்குக் கற்பூரம் காட்டினார்.

*

குருபூஜைக்கு முந்தைய மாதம் அந்த மடத்தில் யாரும் உப்புச் சேர்ப்பதில்லை. மூத்தவர் வைத்த நோன்பு. முதல் நாள் எல்லோரும் ஓடையில் இறங்கி ஆளுக்கு ஒரு பிடி உப்பைக் கரைப்பார்கள். அதற்கு உப்பு விடுவது என்று பெயர். குருபூஜை அன்று பந்தியில்தான் உப்பு திரும்ப வரும்.

இடையில் உப்பைத் தொட்டவர் சமாதியைத் தொடக் கூடாது. பந்தியில் உட்காரக் கூடாது. கொட்டில் பக்கம் தனியே சாப்பிட வேண்டும். குருபூஜை அன்று எல்லோர் முன்னாலும் விழுந்து, பிழை பொறுக்க வேண்டும் என்று கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு தாண்டவராயனும் ஒரு பிடி உப்போடு ஓடையில் நின்றார்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டீரா?" என்றாள் அம்மை.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் செய்யாதுன்னாங்க."

அது பொய். உப்பைக் குறைக்கவே கூடாது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். உப்பு குறைந்தால் மருந்து உடம்பில் தேங்கிவிடும், அது ஆபத்து என்றும் சொல்லியிருந்தார். அம்மை அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

தாண்டவராயன் அதில் ஒரு சொல்லையும் மறக்கவில்லை.

அவர் ஓடையில் நின்றவர்களைப் பார்த்தார். போன ஆண்டு அவருக்கு மாலை போட்டவர்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள். இப்போது யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் கையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்கள்.

அவரும் அமிழ்த்தினார்.

*

மாத்திரையை அவர் கொட்டிலுக்குப் பின்னால் போய்த்தான் போட்டுக்கொள்வார். ஒருநாள் சங்கரநயினார் அங்கே வந்து நின்றார்.

"எதுக்குவே உமக்கு இது?"

"டாக்டர் போடச் சொன்னாங்க."

"போன வருஷம் நீரு பேசினதைக் கேட்டவன் நான். மனுஷன் பேசுற பேச்சா அது? இப்ப உம்மைப் பாரும். நனைஞ்ச சாக்கு மாதிரி கிடக்கீரு. எதுவே நோய்? அதுவா, இதுவா?"

தாண்டவராயனும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேள்வியை அம்மையிடம் கொண்டுபோனார். அவள் ஓடைக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மை, போன வருஷம் இருந்தது பொய்யா?"

"இல்லை."

"இப்ப இருக்கிறது?"

"இதுவும் பொய் இல்லை."

"அப்ப இதுல நான் எது?"

அவள் ஈர வேட்டியின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தாள். மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டாள்.

"முறுக்கும்."

எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். நடுவிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"இது பதிலா?"

"வேட்டி காயணும்," என்றாள் அம்மை.

*

நோன்பு பாதி தாண்டியபோது தாண்டவராயனின் கை நடுங்கத் தொடங்கியது.

டம்ளரில் தண்ணீர் அலம்பியது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடிக்குள் மறைத்தார். சங்கரநயினார் பார்த்துவிட்டார்.

"அருள் இறங்குது," என்றார் மெதுவாக, பக்கத்தில் இருந்தவரிடம்.

பிறகு கால் தடுமாறியது. நடக்கையில் சுவரைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டது வெளியே வந்தது. நாக்கு குழறியது.

அம்மை விறகுக்காக மலையேறியிருந்த ஒரு காலையில், சங்கரநயினார் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சமாதி மேடை அருகே பாய் விரித்து உட்கார வைத்தார். ஊருக்குள் சொல்லி அனுப்பினார். கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாண்டவராயன் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. எச்சில் வழிந்தது.

ஒரு பெண் அதை முந்தானையால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அம்மை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தலையில் விறகுக்கட்டு அப்படியே இருந்தது. அதைச் சமாதி மேடைமேல் போட்டாள்.

"தாண்டவராயரே. என்னைப் பாரும். உப்பைப் பத்தி டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

அவர் உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"குறைக்... கக் கூடாது."

அம்மை ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜீப்பை எடுங்க."

"அம்மை, இது அருள்," என்றார் சங்கரநயினார். "ஊசியைப் போட்டுக் கெடுத்துடாதீங்க."

"அருளா இருந்தா ஆஸ்பத்திரிக்கும் கூட வரும். காலைப் பிடியும். தூக்கும்."

சங்கரநயினார் தூக்கினார்.

*

"சொன்னேன் இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

அது மறுநாள். தாண்டவராயனுக்குப் பேச்சு தெளிந்திருந்தது.

"சொன்னீங்க."

"பிறகு?"

"எல்லாரும் விட்டாங்க."

"எல்லாரும் இந்த மாத்திரை போடுறாங்களா?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாத்திரையை இப்போ நிறுத்தியிருக்கேன். ரத்தத்துல அதோட அளவு இறங்கின பிறகு குறைச்சு ஆரம்பிக்கலாம். இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா உங்களை நான் பார்க்கவேண்டிய அவசியம் இருக்காது, ஐயா. புரியுதா?"

டாக்டரம்மா அம்மையின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வந்து, காவித்துணியைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் போனார்.

கம்பியில் தொங்கிய பாட்டிலைத் தாண்டவராயன் நிமிர்ந்து பார்த்தார். துளித்துளியாகக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அதுல என்ன இருக்கு?"

"உப்புத் தண்ணி," என்றாள் நர்ஸ்.

அவர் மறுகையால் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். அம்மை அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினாள். அவர் திமிறினார். அவளுக்குப் பலம் இருந்தது.

"விடுங்க."

"மாட்டேன்."

"ஒரு மாசம். ஒரு உப்பு. இதைக்கூட என்னால செய்ய முடியாதா? அங்க இருக்கிற கிழவன், கிழவி, எல்லாரும் செய்யுறாங்க. நான் ஒரு தடவை, ஒரே தடவை, அவங்க மாதிரி இருந்துக்கிடக் கூடாதா?"

அவர் ஓய்ந்ததும் அம்மை கையை விட்டாள். எழுந்து வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் விற்கிற உப்புக்கடலை. நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

தாண்டவராயன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மை! நோன்பு!"

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"சமாதிக்கு நீங்கதான் பூச்சாத்தணும். தொட முடியாது. அந்த இடத்துல இருந்த யாரும் இப்படிச் செஞ்சதில்லை. துப்புங்க. இன்னும் துப்பலாம்."

அவள் விழுங்கினாள். விரலில் ஒட்டியிருந்த உப்பையும் நக்கினாள்.

"எதுக்கு அம்மை?"

"பசி," என்றாள். பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள். "கருக வறுத்திருக்கான். பாதி கல்லு. பார்த்து மெல்லும்."

*

மடத்துக்குத் திரும்பியதும் இருவரும் கொட்டில் பக்கம் சாப்பிட்டார்கள். உலகம்மாள் தனிச் சட்டியில் உப்புப் போட்டு ஆக்கிக்கொண்டு வந்தாள்.

"இத்தனை வருஷமா இந்த மாசம் மட்டும் என் சமையலை ஒருத்தரும் குறை சொன்னதில்லை," என்றாள். "இப்ப ரெண்டு பேரு கிளம்பியாச்சு."

மாத்திரையை மறுபடி தொடங்கியிருந்தார்கள். தாண்டவராயன் அதை மாடுகள் முன்னால் போட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள், கூடத்துக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறவர்கள் நடக்கும் வழியில் நின்று போட்டுக்கொண்டார்.

உடம்பு நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

"அம்மை, கை நடுங்கலை. வாந்தி இல்லை. ஆனா இருட்டு அப்படியே இருக்கு."

"ம்."

"எப்ப போகும்?"

"தெரியாது."

"குருன்னு உட்கார்ந்திருக்கீங்க."

"குருவுக்குத் தெரியலைன்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அவங்களுக்கும் தேதி தெரியலை."

"பிறகு?"

"பிறகு என்ன. பல்லைத் தேய்ச்சிட்டு வாரும்."

மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. அம்மை அவர் அறைக்கு வெளியே வந்து நின்று பாடத் தொடங்கினாள்.

அம்மைக்குப் பாட வராது. மடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் போயின. அவள் அடுத்த பாட்டை எடுத்தாள். முதல் பாட்டைவிட அது நீளமானது.

கதவு திறந்தது.

"நிறுத்துங்க. வாரேன்."

ஓடைக்கரை வழியாக நடந்தார்கள். அவர் காலை இழுத்து இழுத்து வைத்தார். அவளும் மெதுவாகவே நடந்தாள்.

"இது வைத்தியமா?" என்றார்.

"இல்லை. தொந்தரவு."

மறுநாளும் பாடினாள். அதற்கு மறுநாளும். சில நாள் அவர் மூன்றாவது பாட்டுவரை தாங்கினார். ஒருநாள் கதவுக்குள்ளிருந்து கத்தினார்.

"நீங்க போங்க! எனக்கு ஒண்ணும் வேண்டாம். நடை வேண்டாம், பாட்டு வேண்டாம், மடம் வேண்டாம்!"

"சரி. இதை நடந்துக்கிட்டே சொல்லும்."

அவர் வெளியே வந்து, ஓடைக்கரை முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு நடந்தார். திரும்பும்போது தொண்டை கட்டியிருந்தது.

இன்னொரு நாள், பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கறுத்துத் தெரிந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"ஆழம் எங்கன்னு யோசிச்சேன்."

அம்மையும் நின்றாள்.

"எப்ப?"

"முந்தாநாள்."

"இப்ப?"

அவர் தண்ணீரையே பார்த்தார்.

"இப்ப இல்லை."

"டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லணும். இன்னைக்கே. நான் ஜீப்பை எடுக்கச் சொல்லுறேன்."

"இனிமே வந்தா?"

"எந்த நேரமா இருந்தாலும் என் கதவைத் தட்டும்."

"தட்டினா நீங்க என்ன செய்வீங்க?"

"பாட மாட்டேன்," என்றாள் அம்மை.

அவர் வாயின் ஓரம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

*

குருபூஜை அன்று காலையிலிருந்தே கூட்டம். கூடம் நிறைந்து முற்றத்திலும் நின்றார்கள். அம்மை முற்றத்தின் ஓரத்தில் தூணருகே நின்றாள். தாண்டவராயன் அவளுக்குப் பின்னால் நின்றார்.

சமாதிக்குப் பூச்சாத்தும் நேரம் வந்தது. பூத்தட்டு மேடைமேல் அப்படியே இருந்தது.

சங்கரநயினார் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"அம்மை, எல்லாரும் காத்திருக்காங்க. ஒரு தடவை விழுந்து எழுந்திருங்க. அந்தக் கையோட பூவை எடுத்துடலாம்."

"முடியாதுவே."

"நீங்க தப்பு செய்யலைன்னு எனக்குத் தெரியும். ஒரு முறைக்குத்தான்."

"அந்த முறைக்குத்தான் முடியாதுங்கேன்."

சங்கரநயினார் தாண்டவராயன் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது.

"அப்ப நீராவது விழும். உம்மாலதானே வந்துச்சு எல்லாம். நீரு ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டா போதும். பொறுத்துக்குவோம். அம்மை உள்ளே போகலாம்."

தாண்டவராயனின் உடம்பு உடனே முன்னால் சாய்ந்தது.

அவருக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. உம்மாலதான் என்ற சொல்லை அவர் தினமும் விழித்த உடனே கேட்கிறவர். வேலையை விட்டது அவரால். சுவர் கெட்டது அவரால். மழை பெய்யாமல் போனால் அதுவும் அவரால். யார் காலில் வேண்டுமானாலும் விழுவார். விழுந்தால் எழுந்திருக்க வேண்டாம் என்றால் இன்னும் நல்லது.

முழங்கால் மடங்கியது. ஒரு கை தரையைத் தொட்டது.

அம்மை அவரைத் தடுக்கவில்லை.

கூட்டத்தில் யாரோ, "அப்பாடா," என்றார்கள்.

தாண்டவராயன் அந்த நிலையிலேயே இருந்தார். தரையில் ஊன்றிய கை நடுங்கவில்லை. அவர் அதைப் பார்த்தார். பிறகு அதையே ஊன்றி எழுந்தார்.

"மாட்டேன்."

"என்னவே?"

"விழ மாட்டேன்."

"அம்மைக்காக."

"அம்மைக்காகவும் மாட்டேன். எனக்கு நோய். உப்புத் தின்னாத்தான் மருந்து ஒழுங்கா நிக்கும். இதுல பொறுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை."

"மூத்தவர் முன்னால நின்னு பேசுறீரு."

"அவர் படுத்திருக்காரு. நான் நிக்கேன்."

கூட்டம் சலசலத்தது. சங்கரநயினார் கிட்டே வந்தார். அவர் பேசியது தாண்டவராயனுக்கும் அம்மைக்கும் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு மேடையில இருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீரு. செத்துப்போன என் தம்பி கூப்பிடுற மாதிரியே. 'ஏ நயினா'ன்னு. அது யாருவே? அதையாவது சொல்லும்."

தாண்டவராயன் அவர் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதங்களில் முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

"நான்தான். பல நாள் தூங்காத நான்."

"தம்பி இல்லையா?"

"இல்லை."

சங்கரநயினார் தலையை ஆட்டினார். வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப விழுந்திருந்தா எல்லாம் சுளுவா முடிஞ்சிருக்கும்."

"எப்படி முடியும்? அடுத்த வருஷமும் உப்புத் தின்னுவேன். அப்பவும் விழணும்."

"அடுத்த வருஷமுமா?"

"அதுக்கு அடுத்த வருஷமும்," என்றார் தாண்டவராயன். "நீரு உப்பு விடும்போதெல்லாம் நான் இங்கே நின்னு தின்னுக்கிட்டு இருப்பேன். என்ன செய்வீரு?"

சங்கரநயினார் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போனார். பிறகு அவரே பூத்தட்டை எடுத்தார் போலிருந்தது. மணி அடித்தது.

அம்மை தூணிலிருந்து முதுகை எடுத்தாள்.

"வாரும். பசிக்குது."

*

உலகம்மாள் கொட்டிலுக்கு முன்னால் தண்ணீர் தெளித்து இரண்டு இலை போட்டிருந்தாள். கூட்டத்தைவிட்டு விலகி வந்த ஒரு கிழவர் தானும் ஓரமாக உட்கார்ந்தார். அங்கே வரிசை நீளம், இங்கே சீக்கிரம் கிடைக்கும்போல இருக்கு என்றார். அவருக்கும் ஓர் இலை போட்டாள்.

சோறு, பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம், பாயசம்.

"கூட்டுல உப்பு கூடிப்போச்சு," என்றாள் அம்மை.

"ஒரு மாசமா பெரிய அண்டாவுல உப்பே போடாத கை," என்றாள் உலகம்மாள். "அளவு உடனே வந்துடுமா? நாளைக்குச் சரியாகும். தின்னுங்க."

"நாளைக்குக் கூட்டு வேண்டாம். ரசம் வையி."

"ரசம் வைக்கணும்னா புளி வாங்கணும். யாரு போறது டவுனுக்கு?"

"இவருக்கு ரத்தம் சோதிக்க நாங்க போறோம், நாளைக்கு. வாங்கிட்டு வாரோம்."

"காசை இவருகிட்ட கொடுத்துவிடாதீங்க. போன தடவை புளிக்குப் பதிலா பேரீச்சம்பழம் வாங்கிட்டு வந்தாரு."

"அந்தக் கடைக்காரன் ரெண்டையும் ஒரே மாதிரி கட்டி வச்சிருந்தான்," என்றார் தாண்டவராயன், பாயசத்தைக் குடித்துவிட்டு.

"கண்ணு வரையுற வாத்தியாரு. பார்த்து வாங்கத் தெரியலை."

கிழவர் சிரித்துப் புரையேறினார். அம்மை அவர் முதுகில் தட்டினாள். உலகம்மாள் தண்ணீருக்கு ஓடினாள்.

தாண்டவராயன் இலையைத் தன் பக்கமாக மடித்தார்.